இதயத்தில் ஒரு சத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மலாயாவில், ஜொகூர் பாருவில் டாக்டராக இருந்தேன். என் நண்பர் ஒருவர் நல்ல பேரெடுத்த வக்கீல். திடீரென்று அவர் தொழிலை விட்டு விமானம் ஓட்டப் போவதாகச் சொன்னார். கட்சிக்காரர்களை வேறு வக்கீலிடம் அனுப்பிவிட்டுப் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார். சிங்கப்பூரில் பயிற்சியில் சேர மருத்துவச் சான்றிதழ் மட்டும் பாக்கி. அதற்கு என்னிடமே வந்தார்.

"பயணிகளை ஏத்திக்கிட்டு பினாங்கு வரைக்கும் பறப்பேன் டாக்டர்," என்று சட்டையைக் கழற்றியபடி சிரித்தார்.

காலையிலிருந்து சொறிசிரங்குக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அவர் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "உள்ள ஒரு சத்தம் இருக்கு. நீங்க பறக்கக் கூடாது," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். வேறு டாக்டரிடம் போகவேயில்லை.

அதன்பிறகு பூப்பந்து ஆடுவதை நிறுத்தினார். மாடிப்படி ஏறவும் பயந்தார். மாதாமாதம் வந்து, "குறைஞ்சிருக்கா டாக்டர்?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லை" என்பேன். உண்மையைச் சொல்லப் பயம்தான். ஆனால் அவர் மெல்ல மெல்ல நடந்து போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.