கடல் பக்கத்து டிஸ்க்

எங்கள் ஊரில் யாரும் இடது, வலது என்று சொல்வதில்லை. கிழக்கே கடல், மேற்கே உப்பளம். எனவே கடல் பக்கம், அளத்துப் பக்கம், இவ்வளவுதான். பீரோவில் புடவை எங்கே என்று கேட்டால் கடல் பக்கத்துத் தட்டில் என்போம். திண்டிவனத்துப் பல் டாக்டரிடம் அளத்துப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று சொன்னவன் நான். அவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார், பாவம்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவியும் இதே ஊர்க்காரிதான். மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது போனாள். போகும் முன் கூடத்து அலமாரியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு செங்கல் அடுக்கிய அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் ஏறுவது அப்படியே மற்றதிலும் ஏறும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். நான் தினமும் மகளை ஒரு வீடியோ எடுத்து அதில் ஏற்றுவேன். ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவேன். என் போனில் அவ்வளவுதான் இடம். மனைவி அங்கே டியூட்டிக்குக் கிளம்பும் முன் நெட் வழியாகத் திறந்து பார்ப்பாள். மகள் பேசக் கற்றது, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது, முதல் பல் விழுந்தது எல்லாமே அவளுக்கு அந்தப் பெட்டிக்குள்தான் நடந்தன.

மகளுக்கு ஆறு வயதானபோது பெட்டி நிரம்பிவிட்டது. இரண்டில் ஒரு டிஸ்க் நோஞ்சானாகவும் ஆகியிருந்தது. உப்புக் காற்று எங்கள் வீட்டு இரும்பு கேட்டையே தின்றுவிட்டது, டிஸ்க் எம்மாத்திரம். பெரிய டிஸ்க்குகள் இரண்டை மனைவி அனுப்பி வைத்தாள். முதலில் நோஞ்சானை உருவிவிட்டுப் புதியது ஒன்றைச் செருக வேண்டும். நல்ல டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அதில் ஏறி முடிந்ததும், நல்லதையும் உருவிவிட்டு இரண்டாவது புதியதைப் போட வேண்டும். காலையில் டியூட்டிக்கு ஓடிக்கொண்டே போனில் சொன்னாள்.

"கடல் பக்கம் இருக்கிறத உருவுங்க. அளத்துப் பக்கம் இருக்கிறத மட்டும் தொட்டுடாதீங்க, கடல் பக்கம்."

"எனக்குத் தெரியாதா? நீ போய் ஊசி போடு," என்றேன். ஒன்றை இரண்டு தடவை சொன்னால் எனக்குப் பிடிக்காது.

கடல் பக்கத்து டிஸ்க்கை உருவினேன். புதியதைச் செருகினேன். பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. உருவியதை மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். வாசலில் அவளுக்கென்று முறம் அளவில் ஓர் உப்புப் பாத்தி உண்டு. பாத்தியின் களிமண் தரையைத் தட்டித் தட்டி இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். டிஸ்க் கனமாகவும் தட்டையாகவும் அவளுக்கு வாகாக அமைந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றினாள், டிஸ்க்கால் அடித்தாள், மறுபடி ஊற்றினாள். நானும் உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவன்தானே, தொழில் தெரிந்த பிள்ளை என்று ரசித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் சுவர் ஒழுகியதால் பெட்டியை நான் எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தேன். வடக்கே பார்த்திருந்த பெட்டி இப்போது தெற்கே பார்த்து நின்றது. கடல் பக்கத்து நோஞ்சான் அளத்துப் பக்கம் போயிருந்தது; நான் உருவியது நல்லதை. மனைவி வழி சொன்னது, அவள் மனதில் இன்னும் பழைய சுவரிலேயே இருந்த பெட்டிக்கு.

வாசலுக்கு ஓடினேன். டிஸ்க்கைக் கழுவித் துடைத்துக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ கலகலத்தது.

டீ நேரத்தில் அவள் கூப்பிட்டாள். சொல்லிவிட்டேன்.

"எப்ப மாத்துனீங்க?"

"போன ஐப்பசியில."

"ஏன் சொல்லல?"

"செவுரு ஒழுகுச்சு. இதெல்லாமா போன் பண்ணிச் சொல்வாங்க?"

"இனிமே எதையும் தொடாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்," என்றாள்.

இனி எல்லாம் அந்த நோஞ்சான் டிஸ்க்கின் கையில். வேலைக்குப் போகவில்லை. பெட்டிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். போன் திரையில் சதவீத எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஜன்னலுக்கு வெளியே பாத்திகளில் வானம் படுத்திருந்தது. எது மேகம், எது உப்பு என்று தெரியவில்லை. காற்று நின்றுபோயிருந்தது. டிஸ்க் மெல்ல முனகிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்திலேயே கண் செருகியது. வரப்பின் மேல் என் மகள் வந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று வயது மகள், அவளுக்கும் பின்னால் இரண்டு வயது மகள் என்று வரிசையாக வந்துகொண்டேயிருந்தார்கள். ஒருத்தியும் அவசரப்படவில்லை. வரப்பு வழுக்கும், பார்த்து வாங்க என்று சொல்ல நினைக்கிறேன், வாய் வரவில்லை. முனகல் ஒரு கணம் நின்றதும் விழித்துக்கொண்டேன். நாற்பத்தொன்றிலேயே நின்றிருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று யோசிக்கும் முன் நாற்பத்திரண்டு ஆனது. அப்படிப் பயந்தது எனக்கு அதற்கு முன் நினைவில்லை.

வெயில் தாழ்ந்து உப்பெல்லாம் மஞ்சளாகத் தெரிந்த நேரத்தில் முடிந்தது. ஒரே ஒரு வீடியோவை மட்டும் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. வீடியோக்களுக்கு நாங்கள் தேதியைத்தான் பெயராக வைப்போம். தேதியைப் பார்த்ததும் அது எது என்று தெரிந்துவிட்டது.

நடுவில் ஒரே ஒரு முறை, ஒரு மாத லீவில் அவள் வந்திருந்தாள். நான் போனைத் தூக்கினாலே, "கீழ வைங்க" என்பாள். அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்தது அந்த ஒன்றுதான். மகளை மடியில் போட்டுப் பேன் பார்க்கிறாள். மகள் அப்படியே தூங்கிப்போகிறாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்திருந்த வீடியோ வேறு கிடையாது. சோறு இறங்காத நாட்களில் நான் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

டியூட்டி முடிந்து அவள் கூப்பிட்டாள். எது போனது என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அதுவா?" என்றாள். "போனா போகுதுங்க. அது ஒண்ணுதான் நான் நேர்ல பாத்தது. மத்ததெல்லாம் இருக்குதில்ல?"