ஒரு சங்குப்பூவாவது வெள்ளையாகப் பூக்க வேண்டுமே...

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ரந்தாவிலிருந்து என் தங்கை லெட்சுமி போன் செய்தாள். விசும்பல்தான் கேட்டது.

"அண்ணே... பூத்திருச்சு. வெள்ளையா பூத்திருச்சு."

சங்குப்பூ பூத்ததற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷத்தில் அழுவாளா? அழுவாள். அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது.

லெட்சுமியின் வேலியில் ஒரு நீலச் சங்குப்பூக் கொடி. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்களே, அதுதான். பூவைக் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரில் சோறாக்கினால் சோறே நீலமாகிவிடும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த அந்த நீல நாசி லெமாக் சோற்றையும், நீலச் சர்பத்தையும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிறாள். நல்ல ஓட்டம். ஒரு கொடியின் பூ போதவில்லை.

மந்தினில் இருக்கும் மகேஸ்வரி அவளுடைய சிநேகிதி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. மகேசு வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். லெட்சுமி யோசிக்கவே இல்லை. தன் கொடியில் முற்றிய காய்களைப் பறித்துக் கொடுத்து, "நீயும் போடு மகேசு, ரெண்டு பேரும் சேர்ந்தே கடை போடலாம்" என்றிருக்கிறாள்.

மகேசு வேலி நெடுக விதை போட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். கொடிகள் பூத்தன. நிறைய நீலம். ஆனால் நடுநடுவே... வெள்ளை!

வெள்ளைப் பூவை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் நீலம் இறங்காது. பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? தன் வியாபாரம் உனக்குப் போய்விடக் கூடாதென்று லெட்சுமி கலப்பட விதையைத் தள்ளிவிட்டிருக்கிறாள் என்று தூபம் போட்டாள். மகேசு வெள்ளைப் பூவைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினாள். கீழே ஒரே வரி: "இதுக்காகத்தான் கொடுத்தியா?"

லெட்சுமி நொறுங்கிப் போனாள். அவள் கொடியில் ஒருநாளும் வெள்ளை பூத்ததில்லை. தன் கையால் பறித்த காய். எப்படி வெள்ளை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கம் சொல்லப் போன் செய்தால் மகேசு எடுக்கவில்லை.

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்பது என் தங்கையின் நம்பிக்கை. என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பாரோயில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் செல்வியிடம் போனேன். தோட்டங்களில் செம்பனைக்கு நடுவே மண்ணைக் காக்கும் கொடிப்பயிர்கள் வளர்க்க ஆலோசனை சொல்வது அவர் வேலை. அந்தக் கொடிகளும் பயறு, அவரைக் குடும்பம்தான். சங்குப்பூவும் அதே குடும்பமாம்.

செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டார். லெட்சுமியின் கொடிக்கு விதை எங்கிருந்து வந்தது?

தோட்டத்துக் கோயில் வேலியிலிருந்து என்றேன். அங்கே பூசைக்காக வெள்ளைச் சங்குப்பூவும் இருக்கிறது. நீலமும் வெள்ளையும் பின்னிக் கிடக்கும்.

செல்வி சிரித்துவிட்டார். இதழுக்குள் நீலச் சாயம் படிப்படியாகத் தயாராகிறது. ஆந்தோசயனின் என்ற வகைச் சாயம். அதில் ஒரு படி வேலை செய்யவில்லையென்றால் சாயம் இல்லை, பூ வெள்ளை. சாயத்துக்கான செய்முறைக் குறிப்பு ஒவ்வொரு செடியிலும் இரண்டு பிரதி இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி சரியாக இருந்தாலே பூ நீலமாகிவிடும். கோயில் வேலியில் ஏதோ ஒரு வண்டு நீலத்தையும் வெள்ளையையும் கலந்துவிட்டது. லெட்சுமியின் கொடி வெளியே நீலம், உள்ளே வெள்ளையிடமிருந்து வந்த ஒரு பழுதான பிரதி. தன் மகரந்தத்தாலேயே காய்த்த அதன் விதைகளில் எதற்கு இரண்டும் பழுதான பிரதியாக வந்து சேர்கிறதோ, அது வெள்ளையாகப் பூக்கும். ஏறக்குறைய நாலில் ஒன்று.

இதை மகேசுவிடம் யார் சொல்வது? அவள்தான் போனை எடுப்பதில்லையே.

அப்போது லெட்சுமிக்கு ஒரு யோசனை. மிச்சமிருந்த விதைகளைத் தன் வீட்டிலேயே பெயிண்ட் டின்களில் போட்டாள். தன் வீட்டிலும் வெள்ளை பூத்தால் மகேசு நம்புவாள் அல்லவா? ஆனால் எல்லாமே நீலமாக வந்தாலும் வரலாம் என்று செல்வி முன்பே எச்சரித்திருந்தார். கணக்கு நாலில் ஒன்றுதான். ஆனால் விதைக்குக் கணக்கு தெரியாதே.

வியாபாரத்துக்கு ஆகாத பூவுக்காக வேண்டிக்கொண்ட ஒரே வியாபாரி என் தங்கையாகத்தான் இருப்பாள். முதல் டின் நீலம். அடுத்ததும் நீலம். நீலம் பூக்கப் பூக்க அவள் முகம் வாடியது. கடைசியில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்... வெள்ளை.

உடனே ரந்தாவுக்குப் போனேன். டின்னை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறினாள். மந்தின் வரை, பள்ளத்தில் கார் குலுங்கும்போதெல்லாம் பூவைக் கையால் மூடிக்கொண்டாள்.

மகேசு வாசல் கேட்டுக்கு வந்தாள். டின்னைப் பார்த்தாள். லெட்சுமியைப் பார்த்தாள்.

"என் வீட்டுலயும் பூத்திருச்சு மகேசு. அதே காய்தான்."

மகேசு கேட்டைத் திறந்தாள். "பசியாறிட்டியா?"

"இல்ல."

"வா உள்ள. வெயில்ல நிக்காத லா."

செல்வி சொன்னதையெல்லாம் விளக்கத் தயாராகப் போயிருந்த நான், வாயை மூடிக்கொண்டு தோசை சாப்பிட்டேன். இரண்டாவது தோசையின்போது மகேசு தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"நீ அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு அந்த மெசேஜ அனுப்பின ராத்திரியே தெரியும் லெட்சுமி. போன எடுக்கத்தான் வெட்கமா இருந்துச்சு."

அப்புறம் சமையலறையில் ஒரே அமர்க்களம். ஒரு சட்டியில் நீலப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. வெள்ளைச் சட்டியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நீலத்தில் லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்ததும், புளிப்பு பட்ட சாயம் நிறம் மாறி ஊதாவானது. இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினார்கள்.

கிளம்பும்போதுதான் எனக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. நீலக் கொடியின் விதையைப் போட்டாலும் மறுபடி வெள்ளை தலைகாட்டலாம், பார்த்து எடுத்து வையுங்கள் என்றேன். மகேசு லெட்சுமியின் தோளில் கையைப் போட்டபடி சொன்னாள்:

"வந்தா வரட்டும் அண்ணே. இவகூடச் சண்டை போட எனக்கு வேற காரணமா கிடைக்காது?"