பழைய கணக்கை மூடிய காலை

அந்த மருத்துவமனையில் பலருக்கு அவள் பெயர் தெரியாது. ‘பாஸ்வேர்டு அக்கா’ என்றால்தான் தெரியும். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், பழுதுபார்க்க வந்தவர்களைக் கேள்விகளால் துளைத்தெடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் கணினிகளுக்குப் பொறுப்பாளி ஆனாள். அவள் நாத்தனார் அங்கேயே ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாக் கணினிகளுக்கும் ‘அட்மின்’ என்று ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது அத்துப்படி. ஊருக்கெல்லாம் ஒரே சாவி என்றால் பூட்டு எதற்கு என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அனுமதி கிடைத்தது. தன் இருக்கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கவனிக்க, கணினிகளில் புதிய நிர்வாகக் கணக்கை ஏற்றினாள். மறுநாள் புதன்கிழமை, காலை பத்து மணிக்கு மையக் கணினியில் பழைய கணக்கை மூடினாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய பெயரில் யாரோ நுழையப் பார்ப்பதாகத் திரை காட்டியது. மருத்துவமனைக்கு வெளியே இருந்து, சில நொடிக்கு ஒரு தரம், விடாமல். அப்படியானால் இத்தனை நாளும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தானா?

தொலைபேசி அடித்தது. நாத்தனார்.

“அண்ணி, பேஷன்ட் டேபிள்ல இருக்காரு, ரத்தம் நிக்கல. லேப் ரிசல்ட் ஸ்கிரீன்ல வரவே மாட்டேங்குது.”

உடனே புரிந்தது. லேப் கணினி முடிவுகளை அனுப்பிவந்ததே பழைய கணக்கில்தான். அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவளும் தேடிப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே லேப் கணினிக்குள் நுழைய முயன்றாள். முடியவில்லை. முந்தின நாள் அது அணைந்து கிடந்ததால் புதிய கணக்கு ஏறவே இல்லை.

நிர்வாக அதிகாரி மூச்சிரைக்க வந்து நின்றார். பழைய கணக்கைத் திறந்துவிடச் சொன்னார். திறந்தால் வெளியே நிற்பவனும் கூடவே வந்துவிடுவான் என்றாள்.

“உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

“நான்தான் சார்.”

நாத்தனாரை மறுபடி அழைத்தாள்.

“லேப்ல ஃபோன்லயே வாசிக்கச் சொல்றேன். எழுதிக்கிட்டு, திருப்பி வாசிச்சுக் காட்டு. லைனை மட்டும் வெச்சிடாத.”

முடிவுகளை அனுப்ப மட்டுமே உரிமை உள்ள ஒரு கணக்கை மையக் கணினியில் உருவாக்கிவிட்டு, நான்கு மாடி படியிறங்கி ஓடினாள். லேப்காரர் ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் நாத்தனார் திருப்பிச் சொல்வது ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து லேப் கணினியில் அந்தப் புதுக் கணக்கின் கடவுச்சொல்லை அடித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தவறிப்போனது. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது; முடிவுகள் தியேட்டர் திரைக்குப் போகத் தொடங்கின. எல்லாம் சேர்ந்து பதினெட்டு நிமிடம். நோயாளி பிழைத்துக்கொண்டார்.

மாலையில் நாத்தனார் எண்களை எழுதிய தாளோடு கணினி அறைக்கு வந்தாள். எழுதியதைத் திரையோடு ஒப்பிட வேண்டும் என்றாள். ஒருத்தி வாசிக்க மற்றவள் சரிபார்த்தாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை. வீட்டுப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

தான் எதைச் சோதிக்காமல் விட்டாள் என்பதை பாஸ்வேர்டு அக்காவே நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெளியாள் ஏழு வாரமாக வந்து போனது பழைய பதிவுகளில் தெரிந்தது. யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை. பிறகு இரண்டு வாரம் நோட்டும் கையுமாக ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்தாள். மாதக் கடைசியில் மட்டும் தானாக ஓடும் இரண்டு கணினி வேலைகள் இன்னும் பழைய கணக்கையே நம்பியிருந்தன. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது இரண்டையும் மாற்றி முடித்தாள்.