பேனலைப் படுக்கப் போடச் சொன்னவன்

போன சனிக்கிழமை யோகன் அண்ணையைப் பார்க்க, இங்கே சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபூர்க் போயிருந்தேன். அவர் வலது கையில் மாவுக்கட்டு. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி கிச்சனில் சமையல் வேலை பார்க்கிற மனிதர்... அந்தக் கை இல்லாமல் என்ன செய்வார்?

காரணம், நான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் சென்னைக்காரன். பாசல் நகரில் மருந்து கம்பெனியில் எஞ்சினியர்; மாத்திரையின் ஈரப்பதம் பார்ப்பது என் தொழில். ஆனால் நம்மவர்களுக்கு எஞ்சினியர் என்றால் எஞ்சினியர்தான் — வாஷிங் மெஷின் முதல் ஹீட்டர் வரை என்னிடம்தான் கேட்பார்கள். நானும் கூசாமல் சொல்வேன்!

குளிர்காலத்துக்கு முன்பு அண்ணையிடமிருந்து போன். கராஜின் தட்டைக் கூரையில் சோலார் பேனல் போடப் போகிறாராம்.

“தம்பி, பேனல் பூட்ட வந்த சுவிஸ்காரன் அதை நல்லா நிமித்தி வைக்க வேணும் எண்டுறான். ஊரில ஆரும் அப்பிடி வைக்கிறவையோ?”

“தேவையே இல்லண்ணே. எங்க வீட்டு மொட்டை மாடியில சோலார் ஹீட்டர் லேசாத்தான் சாஞ்சிருக்கு. அது போதும்.”

“ஓம், நீங்கள் சொன்னால் சரி.”

சென்னையில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும். இங்கே டிசம்பரில் மலையோரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்தத் தாழ்ந்த வெயிலைப் பிடிக்கப் பேனல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் பனியும் தானாக வழுக்கி இறங்கும். குளிர் பேனலுக்கு எதிரியே இல்லை. குளிரில் அது இன்னும் நன்றாகவே வேலை செய்யுமாம். மேலே மூடிக்கொள்கிற பனிதான் வில்லன். இதையெல்லாம் நான் எப்போது படித்தேன்? அவர் விழுந்த பிறகு!

படுத்துக்கிடந்த பேனல் மேல் ஒரு சாண் பனி. கரண்ட் சுத்தமாக இல்லை. அண்ணை விளக்குமாறோடு கூரையில் ஏறினார். கால் வழுக்கியது.

தொழில் தெரிந்தவனை விட்டுவிட்டு, தமிழ் தெரிந்தவனை நம்பியிருக்கிறார். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அண்ணையின் மனைவி வசந்தி அக்கா டீ கொண்டுவந்தார்.

“உந்தப் பேனலைப் படுக்கப் போடச் சொன்னது ஆர் எண்டு கேட்டால், இந்த மனுசன் வாயே திறக்குதில்லை.”

அண்ணை என் பக்கம் பார்க்கவே இல்லை. “நான்தான் அப்பிடிப் போடுவிச்சனான். விடுமன்.”

“இல்லக்கா... நான்தான் சொன்னேன்.”

 அக்கா என்னிடம் நீட்டிய கோப்பையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நியாயம்தானே?