எதிரணியாக ஒரு பருவம்

சுவரில் ஒட்டியிருந்த தாளில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை வாசித்தேன். என் பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் பிழையாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிழைகளில் ஒன்றாவது இருக்கிறதா என்றும் பார்த்தேன். அதுவும் இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கிங்ஸ்பரியில் அம்மா அப்பாவோடு இருந்தேன். பகலில் வெம்பிளியில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை. நான் தேர்வுக்குப் போன பெண்கள் கூடைப்பந்துக் கழகம் வால்தம்ஸ்டோவில் ஒரு பாடசாலையின் மண்டபத்தில் பயிற்சி செய்தது, நாட்டின் முதல் பிரிவில் விளையாடியது. அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும் நாள் ஒன்று உண்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எங்களுக்கு ஒரு தாளும் நான்கு துண்டு ஒட்டுநாடாவும்தான். அந்த ஆண்டில் என் பெயர் இல்லாமல் நான் வாசித்த மூன்றாவது தாள் அது.

ஏன் எடுக்கவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. பன்னிரண்டு வயதுவரை நான் யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவள். அந்த விளையாட்டில் பந்து கைக்கு வந்ததும் கால் நிற்க வேண்டும். நின்று, பார்த்து, யாருக்காவது கொடுக்க வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது என்ற பேச்சே இல்லை. லண்டனுக்கு வந்து உயரத்தின் புண்ணியத்தில் கூடைப்பந்துக்கு மாறிய பிறகும் என் கால்கள் மாறவில்லை. பந்து வந்தால் நின்றன. மற்றப் பெண்கள் அதற்குள் மண்டபத்தின் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்கள்.

கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு பையை எடுக்கத் திரும்பி வந்தேன். பயிற்றுநர் இன்னும் அங்கேயே நின்றார். நாற்பது வயதிருக்கும். கரீபியன் தீவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர், பகலில் அதே பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. தெரிவான பெண்களிடம் செவ்வாய் வியாழன் பயிற்சிக்கு யார் யார் வர முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி தாதி, ஷிப்ட் மாறி மாறி வரும். இன்னொருத்திக்கு இரவு வகுப்பு. மூன்றாவது ஒருத்திக்குக் கைக்குழந்தை. அவர் எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

என்னை அறியாமலே கேட்டுவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை பேர்?"

"ஒன்பது," என்றார்.

"அப்படியென்றால் ஐந்துக்கு ஐந்து விளையாட முடியாதே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குறித்துக்கொண்டிருந்த தாளை மடித்தார். பிறகு, "சம்பளம் இல்லை. சீருடை இல்லை. போட்டி நாளில் இடம் இல்லை. சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றேன்.

வீட்டில் அம்மாவுக்கு இது விளங்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். காரணமில்லாமல் எங்கேயும் நிற்காத மனுஷி.

"எடுக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டினம் எல்லே? பிறகு ஏன் போறாய்?"

"பயிற்சிக்கு ஆள் காணாதாம் அம்மா. பத்துப் பேர் வேணும்."

"அப்ப போட்டி நடக்கிற அண்டைக்கு?"

"விளையாட ஏலாது. பாத்துக்கொண்டு இருப்பன்."

"நல்லாயிருக்கு. சமைக்கிறதுக்குக் கூப்பிட்டுப்போட்டு, பந்தியிலை இருக்க விடாத மாதிரி."

அப்பா கடிதங்களை முகவரி பார்த்துப் பிரிக்கும் தபால் நிலையத்தில் வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "விடுமப்பா," என்றார் அம்மாவிடம். "போகட்டும். ரெண்டு மாசத்திலை தானாய் அலுத்துப்போகும்."

அலுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் ரயில் ஏறி, கிரீன் பார்க்கில் இறங்கி மாறி, வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். கூட்டத்தில் நின்றபடியே பாண் துண்டைச் சாப்பிடப் பழகினேன்.

பத்தாவது ஆள் என்றால் சும்மா எண்ணிக்கைக்கு நிற்பவள் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் வாரத்தில் பயிற்றுநர் என்னிடம் ஒரு வீடியோ கசெட்டைத் தந்தார். வருகிற சனிக்கிழமை எங்களோடு விளையாடப்போகும் அணியின் ஆட்டம் அதில் இருந்தது.

"பதினான்காம் இலக்கத்தைப் பார். வியாழக்கிழமை நீதான் அவள்," என்றார்.

பதினான்காம் இலக்கக்காரி பந்தை இடது கையால் தட்டிக்கொண்டு போவாள். வலது தோளை ஒருமுறை அசைப்பாள், எதிரில் நிற்பவள் அந்தப் பக்கம் சாய்ந்ததும் இடப்பக்கத்தால் கடந்துவிடுவாள். வீட்டுக் கூடத்தில் அம்மா பார்க்கும் தொடர் நாடகம் முடியும்வரை காத்திருந்து, அந்தக் கசெட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பிறகு பந்தோடு பின்வளவுக்குப் போனேன். சீமெந்துத் தரை ஆறு அடி அகலம். என் இடது கை சோறு உண்ணாத கை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பந்து வேலியில் பட்டுப் பட்டுத் திரும்பியது. பக்கத்து வீட்டுக் குஜராத்திக் கிழவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். இரண்டாம் நாள் மாலை அவரே ஜன்னலைத் திறந்து, இடது கை கொஞ்சம் பரவாயில்லை என்றார்.

அடுத்த வாரம் வேறொரு அணி, வேறொரு கசெட். இந்த முறை நான் எறிவதுபோல் கையை உயர்த்தி ஏமாற்றுகிறவள். அதற்கடுத்த வாரம் முழங்கையை விரித்து வழி மறிக்கிறவள். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருத்தியின் நடையை, அவசரத்தை, கெட்ட பழக்கத்தைக்கூட எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரணிக்கான மஞ்சள் பெனியனோடு நின்றேன். எங்கள் பெண்கள் என்னைத் தோற்கடிக்கப் பழகினார்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்து அசல் ஆட்டக்காரியைப் பார்ப்பேன். சிலவேளை அவள் தன் வழக்கத்தை மாற்றிச் செய்துவிட்டால், பிழையாகச் செய்கிறாளே என்று எனக்குக் கோபம் வரும். எங்கள் அணி வென்றால் மற்றவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குவேன். அந்த வெற்றியில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை ரயிலில் யோசித்துக்கொண்டு போவேன். ஒரு நாளும் முடிவுக்கு வந்ததில்லை.

தை மாதம் பந்தைத் தட்டிச்சென்று ஆட்டத்தை நடத்துகிற பெண்ணின் கணுக்கால் பிசகியது. அவளுக்குப் பதிலாக இருந்தவளுக்குப் பரீட்சை. பயிற்றுநர் என் பெயரைக் கழகத்தில் பதிந்தார். சீருடையில் மிச்சம் இருந்தது மிகப் பெரிய அளவு ஒன்றுதான். அதைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன்.

அந்த முதல் போட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பந்து கைக்கு வந்ததும் பதினான்காம் இலக்கக்காரியின் தோளசைவைச் செய்தேன். அது அவளுக்கு வேலை செய்யும், ஏனென்றால் அவளுக்குப் பின்னால் வர அவளுடைய அணி இருக்கும். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. பந்தைப் பறிகொடுத்தேன். அடுத்தமுறை இன்னொருத்தியின் வேகத்தில் ஓடினேன், எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனேன். மூன்றாவது முறையும் பந்து போனபோது பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார்.

"இன்று நீ யாராக விளையாடுகிறாய்?" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார்.

"தெரியவில்லை," என்றேன்.

மிச்ச ஆட்டம் முழுவதும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இந்தப் பதிலே மனதில் கிடந்து உருண்டது. நான்கு மாதங்களாக மற்றவர்களின் ஆட்டத்தை அவர்களைவிடத் திருத்தமாக ஆடியிருந்தேன். உன்னுடையது எது என்று கேட்டபோது கை வெறுமையாக இருந்தது. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து பாடசாலையிலும் வேலையிலும் நான் இப்படித்தானே இருந்தேன் என்றும் தோன்றியது. அடுத்தவள் எப்படிப் பேசுகிறாள், எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள்தானே. அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

அடுத்த போட்டிக்கு அப்பா வந்தார். நான் கேட்கவில்லை. அன்று அவருக்கு விடுமுறை, வீட்டில் இருக்க அலுப்பாயிருக்கு என்று சொல்லிக்கொண்டு கூட வந்தார். கழுத்துவரை சிப் இழுத்த குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பாதியில்தான் என்னை இறக்கினார்கள். எதிரணிப் பெண்கள் இருவர் என் மேல் பாய்ந்து வந்தார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை, யாருடைய ஆட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை. கால் நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதில் நின்றதுபோலவே இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியால் பார்த்தேன். கூடைக்குக் கீழே எங்கள் தாதிப் பெண் தனியாக ஓடி வந்துகொண்டிருந்தாள். இருவரின் தலைக்கு மேலாக எறிந்தேன். அவள் பிடித்துப் போட்டாள்.

மறுபடி பந்து வந்தது. நான் நிற்பேன் என்று எதிரில் நின்றவள் நினைத்தாள். இந்த முறை இடது கையால் தட்டிக்கொண்டு அவளைக் கடந்தேன். அதற்குப் பிறகு நான் நிற்பேனா ஓடுவேனா என்பது அவளுக்குத் தெரியவில்லை. உண்மையில் எனக்கும் கடைசி நொடிவரை தெரியவில்லை. அந்தத் தெரியாமை முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் அன்று சொற்பத்தில் தோற்றோம். ஆனால் பயிற்றுநர் என்னைக் கடைசிவரை வெளியே எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஏன் பிள்ளை பந்தை எல்லாருக்கும் குடுத்துக்கொண்டே இருக்கிறாய்? நீயும் ஒருக்கா எறிஞ்சு பாக்கலாம்தானே?"

"அதுதான் அப்பா என்ரை வேலை."

"குடுக்கிறதோ?"

"ஓம். ஆர் எங்கை நிக்கினம் எண்டு பாத்துக் குடுக்கிறது."

அப்பா இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை யோசித்தார். "நானும் இதைத்தானே செய்யிறன், கடிதம் பிரிக்கிற இடத்திலை," என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அன்றிலிருந்து அவர் என் விளையாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கணுக்கால் பிசகிய பெண் திரும்பி வந்த பிறகும் என்னை அணியில் வைத்திருந்தார்கள். வசந்தகால விடுமுறையில் சிநேகபூர்வப் போட்டிகளுக்காக வட ஜேர்மனியின் ஒரு சிறு நகரத்துக் கழகம் லண்டன் வந்தது. அதில் விளையாடிய பெண்களுக்கு மாதச் சம்பளம், அதுவே அவர்கள் தொழில் என்று அறிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அவர்களோடு இரண்டு முறை விளையாடினோம். ஒருமுறை வென்றோம்.

ஆனி மாதத்தில் பயிற்றுநர் என்னைப் பல் மருத்துவமனையின் எண்ணில் கூப்பிட்டார். மேசைக்கு முன்னால் கன்னத்தைப் பிடித்தபடி ஒரு நோயாளி நின்றார்.

"அந்த ஜேர்மன்காரர்கள் உன்னைக் கேட்கிறார்கள். ஒரு வருட ஒப்பந்தம்," என்றார். பிறகு, "இதையும் நீ அறிந்திருக்க வேண்டும். முதலில் வேறு இருவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். நீ மூன்றாவது," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பட்டியலில் நான் இருப்பதே அதுதான் முதல் தடவை.

எங்கள் குடும்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தின் வரிசைகளில் நின்று நின்று, கடைசியில் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அதனால் ஜேர்மனியில் வேலை செய்யத் தடை இல்லை. தடை அம்மாதான்.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்தினேன். தங்க அறை தருவார்கள், மதியச் சாப்பாடு தருவார்கள், காயம் பட்டால் மருத்துவம் பார்ப்பார்கள்.

"ஆக்கள் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"விளையாடுறதுக்குப் போறாள் எண்டு சொல்லுங்கோ."

"விளையாடுறதுக்கு ஆரும் சம்பளம் குடுப்பினமோ? நம்புவினமோ?"

"நீங்கள் நம்பிறியளோ?"

அம்மா கத்தியை வைத்துவிட்டு என் கையை எடுத்துப் பார்த்தார். பந்து பட்டுப் பட்டுத் தடித்துப்போன இடது கை. விரல் விரலாகத் தடவினார். "முழங்கால் கவனம்," என்றார். அவ்வளவுதான் அனுமதி.

அன்று மாலை தொலைபேசியில் கனடாவிலிருந்த சித்தியிடம் அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. "ஓம், பிள்ளைக்கு ஜேர்மனியிலை வேலை கிடைச்சிருக்கு. கொம்பனியாலை வீடும் குடுக்கினமாம்." என்ன கொம்பனி என்று சித்தி கேட்டிருக்க வேண்டும். லைன் சரியில்லை என்று அம்மா வைத்துவிட்டார்.

ஆறு போட்டிப் பருவங்கள் அங்கே விளையாடினேன், மூன்று நகரங்களில். பெரிய பெயர் ஒன்றும் எடுக்கவில்லை. சில பருவங்களில் முதல் ஐவரில் இருந்தேன், சிலவற்றில் வாங்கில் இருந்தேன். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் தொலைபேசி அட்டையின் எண்ணைச் சுரண்டி வீட்டுக்குக் கூப்பிடுவேன். அப்பா யார் வென்றது என்று கேட்பார். அம்மா விழுந்தாயா என்று கேட்பார்.

இதைச் சொல்லும்போது, உன்னை அன்று எடுக்காதவர்கள் இப்போது வெட்கப்படுவார்களே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அன்று தெரிவான பன்னிரண்டு பேரும் என்னைவிட நல்ல ஆட்டக்காரிகள். பயிற்றுநர் சரியாகத்தான் பார்த்தார். அந்தத் தாதிப் பெண் என்னைவிட எவ்வளவோ திறமைசாலி. அவளுக்கும் ஒரு கழகம் சம்பளம் தர முன்வந்தது. வார்டை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. எனக்கு விட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தொழில் என்பது திறமைக்கு மட்டும் கிடைப்பதில்லை என்பதை அவளைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அம்மா சொன்ன முழங்கால் கடைசியில் போயிற்று, இடது பக்கம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு பருவம் நொண்டி நொண்டி விளையாடினேன். மாசியில் கழகம் என் இடத்துக்கு ஒரு போலந்துப் பெண்ணை எடுத்தது. நல்ல பெண். இந்த அணியில் யார் எந்தக் கையால் பந்தை விரும்புவார்கள் என்று இரண்டு மாதம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடைசிப் போட்டியில் நான்கு நிமிடம் விளையாடினேன். குளித்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, அடுத்த நாள் விமானம் ஏறினேன்.

விமான நிலையத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். அப்பா பையை வாங்கிக்கொண்டார். அம்மா என் நடையைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் மத்தியானம்வரை நித்திரை கொண்டேன். திங்கட்கிழமை எழும்பி வேலை தேடப் புறப்பட்டேன். இருபத்தொன்பது வயதில் விண்ணப்பப் படிவத்தில் முன்பு செய்த தொழில் என்ற கட்டத்தை நிரப்புவது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.