கஞ்சி தடவி ஒட்டிய நான்கு பக்கங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மாத நாவல் இருக்கிறது. அட்டையில் ஒரு பங்களாவும், அதற்கு மேல் ஒரு ஜோடிக் கண்களும். கையில் எடுத்தால் கடைசி மூன்று தாள்கள் மட்டும் மொடமொடவென்று நிற்கும். சோற்றுக் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு அந்தத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்குத் தெரியக் கூடாத நான்கு பக்கங்கள் அவற்றுக்குள் இருந்தன.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வரும் கடிதம் என்று வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் என் வாய் வழியாகத்தான் அம்மாவின் காதுக்குப் போகும். "எம்புள்ள படிச்சிச் சொன்னான்" என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஓரிக்கையிலிருந்து தினமும் நடந்து, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்காரர் வீட்டுக்கு அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டம்மாவுக்கு மர்ம நாவல் என்றால் உயிர். அதிலும் ஒரே ஒரு எழுத்தாளர்தான். அந்த அம்மா படித்து ஒதுக்கிய புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வரும். சாயங்காலம் அம்மா முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைப்பாள், நான் எதிரில் உட்கார்ந்து படிப்பேன். இன்ஸ்பெக்டர் பேசும் இடத்தில் குரலைக் கனமாக்க வேண்டும். தவறினால், "போலீசு மாரி பேசுடா, பால்காரன் மாரி பேசினுக்கிறியே" என்பாள். பாதிக் கதையிலேயே ஆளைப் பிடித்துவிடுவாள். "ரொம்ப நல்லவனாட்டம் பேசறான் பாரு, இவன் மேலதான் எனக்கு டவுட்டு."

அந்த எழுத்தாளரின் கதைகள் இரண்டு அப்போதே படமாக வந்திருந்தன. முதலில் புத்தகம், பிறகுதான் படம் என்பது அம்மாவின் சட்டம். இரண்டிலும் முடிவை மாற்றியிருந்தார்கள். ஒன்றில் கொலைகாரனாக வரவேண்டிய அண்ணன் வேடத்தில் பெரிய நடிகர் நடித்ததால் அவரை உத்தமராக்கி, எங்கிருந்தோ ஒரு அடியாளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தியேட்டர் வாசலில் நின்று அம்மா சத்தம் போட்டாள். "எழுதுனவரு ஒண்ணு எழுதுனா இவனுங்க ஒண்ணு எடுக்கறானுங்க. கதைய மாத்தறவன மாரி பொய்யன் யாருமே கெடயாதுபா." அந்த வாக்கியம் பின்னாளில் எனக்கு எவ்வளவு வலிக்கப்போகிறது என்று அன்று தெரியாது.

ஒரு விடுமுறை நாளில் நானும் அம்மாவுடன் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்றைக் காணோம் என்று முன்கட்டில் பேச்சு எழுந்தது. சிறிது நேரத்தில் வீட்டம்மா பின்கட்டுக்கு வந்து, அம்மாவின் மடியை அவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார். அம்மா காட்டினாள். வெற்றிலைச் சுருள் ஒன்று கீழே விழுந்தது. நான் கிணற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அந்தச் சிமிழ் பூஜையறைப் பலகைக்குப் பின்னால் கிடைத்தது. அந்த வாரம் வீட்டம்மா கொடுத்தனுப்பிய நாவல் மட்டும் புத்தம் புதியதாக இருந்தது. "ஒரு பக்கம்கூட மடங்கல பாருபா" என்று அம்மா அதை முகர்ந்து பார்த்தாள்.

பங்களா முதலாளி ஒருவரை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள் என்பது கதை. மருமகன் மேல்தான் சந்தேகம் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். என் கண் இரண்டு வரி முன்னால் ஓடியது. கொன்றவள் அந்த வீட்டுச் சமையல்காரி. அம்மாவின் கைகள் முறத்தின் மேல் அசையாமல் இருந்தன. எனக்கு அந்த வெற்றிலைச் சுருள் ஞாபகம் வந்தது. பக்கத்தைப் பார்த்தபடியே, மருமகன்தான் விஷம் வைத்தான் என்று 'படித்தேன்'. இன்ஸ்பெக்டர் அவனுக்கு விலங்கு மாட்டினார். "நான்தான் அப்பவே சொன்னன்ல!" என்று அம்மா முறத்தில் ஓங்கித் தட்டியதில் அரிசி சிதறியது. பக்கத்து வீட்டு அக்கா சில சமயம் எங்கள் புத்தகங்களைப் புரட்டுவாள். அந்தப் பயத்தில்தான் மறுநாள் கஞ்சியைத் தேடினேன்.

ஆண்டுகள் ஓடின. அம்மா அந்த வீட்டை விட்டு, வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஏனாத்தூரில் பட்டம் முடித்து இ-சேவை மையம் ஒன்றில் உட்கார்ந்தேன். கம்பெனி வேனில் போகவர அம்மா சொல்லும் கதைகளுக்கு ஏழெட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். எல்லாம் நான் படித்துக் காட்டியவை. சென்ற ஆண்டு அந்தப் பங்களாக் கதை படமானது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வேன் கூட்டமே கிளம்பியது. தலைவலி என்றேன். "நீ படிச்ச கதைடா, நீ வராம எப்புடி?" என்று அம்மா விடவில்லை.

இடைவேளையில் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா மூன்று வரிசைக்குக் கேட்கும்படி அறிவித்தாள். "அந்த மருமவன்தான். எழுதி வச்சிக்குங்க." முன்னால் இருந்தவர், "படம் பாக்க வுடும்மா, தாயே" என்று கும்பிட்டார். பிற்பாதியில் சமையல்காரி சிக்கினாள். காரணம் எதுவும் சொல்லாமல், கண்ணை உருட்டிச் சிரிக்கும் பைத்தியமாக அவளை ஆக்கியிருந்தார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி, "இன்னாக்கா, உம்புள்ள ஒனக்குத் தப்பா படிச்சிட்டாரா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "வழக்கம்போல படத்துல மாத்திட்டானுங்கடி. புக்குல மருமவன்தான். எம்புள்ள எழுத்துக்கூட்டிப் படிச்சிச் சொன்னான். அவன் ஒரு எழுத்து மாத்த மாட்டான்."

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றபோது சொல்லிவிட்டேன். மாத்தினது படமில்லைம்மா, நான்தான். ஏன் என்பதையும், அந்த மடியையும், கஞ்சியையும் சொன்னேன். அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

"வேற எதெல்லாம் மாத்திப் படிச்ச?"

அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து நேற்று வந்த கடிதம் வரை எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருந்தன. "வேற எதுவும் இல்லம்மா. சத்தியமா இது ஒண்ணுதான்" என்றேன். அம்மா அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒட்டிய தாள்களை ஆவியில் காட்டி, மெல்ல மெல்லப் பிரித்தாள். "படி. எல்லாத்தயும் படி." ஒவ்வொரு வரிக்கும் கீழே அவளுடைய விரல் என் குரலோடு நகர்ந்தது. முதலாளி பொய்யாகத் திருட்டுப் பட்டம் கட்டியதால் சமையல்காரியின் மகன் ஜெயிலில் செத்துப்போயிருக்கிறான். அவள் கொன்றதற்கு, படத்தில் வெட்டிவிட்ட காரணம் இதுதான். அம்மா பெருமூச்சு விட்டாள். "இதப்போயி மறைச்சிட்டியேடா. பாவம், அவ பக்கத்த யாருமே கேக்கல." பிறகு ஏதோ யோசித்தவள் போல, "அந்த வூட்டம்மா இத படிச்சிட்டுத்தான எனக்குக் குடுத்தாங்க?" என்றாள். ஒரு பக்கம்கூட மடங்காமல் வந்த புத்தகம் அது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கேட்கிறார்: "இத்தனை வருஷம் இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, எப்படி மனசு வந்தது?" அதற்கு அவள் பதில் இருந்த இடம் கஞ்சியோடு பிய்ந்துபோய் ஓட்டையாக இருந்தது. இங்கே கிழிந்துவிட்டது, என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். அம்மா அந்த ஓட்டையை விரலால் தடவினாள்.

"'அந்தச் சோத்த ஆக்குனதே நான்தாங்க'ன்னு சொல்லியிருப்பா."

படத்தின் ஸ்டில்லை அட்டையில் போட்டு அந்த நாவலின் புதிய பதிப்பு வந்திருந்தது. மறுவாரம் வாங்கிவந்து கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். 'அவள் பதில் சொல்லாமல் விம்மி அழுதாள்' என்று இருந்தது. "அழுதாளா?" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து அப்படிச் சிரித்தாள். "எழுதுனவரு ஒரு வூட்லயும் வேல செஞ்சிருக்க மாட்டாருபா. நான் சொன்னத எழுதி அந்த ஓட்டையில ஒட்டு. ஆனா எது அவுரு எழுதுனது, எது நான் சொன்னதுன்னு பாத்தாலே தெரியணும்."

இ-சேவை மையத்தில் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், இப்போதெல்லாம் அவர்கள் விரலையும் வரியின் மேல் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் படிக்கிறேன். அந்த எழுத்தாளரின் இன்னொரு கதையும் படமாகிறதாம். வேனில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருக்கிறேன். பாதி படித்தாயிற்று, அம்மாவுக்கு ஒரு டாக்டர் மேல் டவுட்டு.

இழுப்பறையில் இருக்கும் பழைய நாவலின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. அதே சோற்றுக் கஞ்சிதான், இம்முறை தொட்டுக் கொடுத்தவள் அம்மா. நீல மையில் அவளுடைய வாக்கியம். அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், 'இது என் அம்மா சொன்னது'.