கல்லைப் பிடித்த செடி

என் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சைகோனிலிருந்து பாகூருக்குத் திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்த வருஷம்தான் இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. ஊரெல்லாம் அதே பேச்சு.

கப்பலில் வரும்போது பிஸ்கட் டப்பாவில், ஈரத்துணி சுற்றி, விரல் நீளச் செடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பட்டணத்தில் கண்ணாடித் தொட்டி செய்யச் சொல்லி, ஏரித் தண்ணீர் ஊற்றி, வாய்க்காலில் பிடித்த பொடிமீன்களை விட்டார். செடியை ஒரு கல்லில் நூலால் கட்டி உள்ளே இறக்கினார்.

"மண்ணுல நட்டா இன்னா?" என்று கேட்டேன்.

"அழுகிப்பூடும். இது கல்லையோ கட்டையையோ புடிச்சிக்கினுதான் வளரும்."

வளர்ந்தது என்றே சொல்ல முடியாது. ஓர் இலை விரிய மாசக்கணக்காகும். அதற்குள் பழைய இலையில் பாசி படிந்துவிடும். அவர் விரல் நுனியால் வழித்துவிடுவார்.

எனக்குக் கரு தங்கவில்லை. இரண்டாவது கலைந்த அன்றும் அவர் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்படி இன்னாதான் இருக்குது அதுல?"

இலைப் பாசியை வழித்துக்கொண்டே சொன்னார். "அங்க ஒருத்தி கூட வாழ்ந்தேன். பொண்ணு ஒண்ணு, அப்பதான் நடக்க ஆரம்பிச்சிருந்திச்சி. வூட்டுக்குப் பின்னால ஓடை. நான் காவலுக்குப் போயிருந்தப்போ குண்டு வுழுந்திச்சி. திரும்பி வந்தா வூடே இல்ல. ஓடைக் கல்லுமேல இது இருந்திச்சி."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சில நாள் அவரோடு பேசவில்லை. செத்துப்போனவள்மேல் எத்தனை நாள் கோபத்தை வைத்திருப்பது? தண்ணீர் குறைந்தால் நானே ஊற்றத் தொடங்கினேன்.

பிறகு அவருக்கு நெஞ்சுநோய் முற்றியது. கட்டிலைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். கடைசி நாட்களில் எனக்குத் தெரியாத பாஷையில் மெதுவாகப் பேசினார். சில சொற்கள் குழந்தையைக் கொஞ்சுவது போலிருந்தன. யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்தும், ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. மார்கழியில் போய்விட்டார்.

"சாவு வூட்டுல இது எதுக்கு அண்ணி?" என்றார் கொழுந்தனார், தொட்டியைக் காட்டி.

"இருக்கட்டும்."

சித்திரையில் ஏரி வற்றியது. கிணற்றில் உப்புத் தண்ணீர்தான், அதையே ஊற்றினேன். இலைகள் கறுத்து, தொட்டால் கரைந்தன. வேர் மட்டும் கல்லோடு ஒட்டியிருந்தது. ஐப்பசி மழையில் ஏரிக்குப் புதுத் தண்ணீர் வந்ததும் குடத்தில் மொண்டுவந்து ஊற்றிப் பார்த்தேன். துளிர்க்கவில்லை.